தினமும் எழுத வேண்டுமா? இடைவெளியை வைத்து முடிவு செய்யும் முறை

தினமும் எழுத வேண்டியதில்லை. இந்தப் பதில் கிடைத்ததும் நிம்மதியாக நோட்டை மூடி வைத்துவிடுபவர்கள் நிறையப் பேர் என்பதால் மீதியையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் விட்டதால் எந்தக் கதையும் செத்துப்போனதில்லை. விட்ட ஒரு நாள் நான்காகி, நான்கு பத்தாகி, மறுபடி உட்காரும்போது எழுதியது வேறு யாரோ எழுதியது போலத் தெரிகிறதே, அங்கேதான் பெரும்பாலான நாவல்கள் நிற்கின்றன. அதனால் நாள்களை எண்ணுவதைவிட, ஓர் அமர்வுக்கும் அடுத்த அமர்வுக்கும் நடுவே எத்தனை நாள் காலியாகக் கிடக்கிறது என்று எண்ணுங்கள். கீழே சொல்வதெல்லாம் அந்த ஒரு எண்ணைச் சின்னதாக வைத்துக்கொள்வதற்கான வழிகள்.

இடைவெளியில் என்ன தொலைகிறது?

கதைச் சம்பவங்கள் மறக்காது. யார் யாரைக் காதலித்தார், யார் எப்போது ஊரைவிட்டுப் போனார் என்பதெல்லாம் ஒரு வருடம் கழித்தும் நினைவிருக்கும். மறப்பது சின்னச் சின்ன விஷயங்கள்: கதைசொல்லியின் குரல் எவ்வளவு தள்ளி நின்று பேசுகிறது, இந்தக் காட்சியில் யாருக்கு எது தெரியும், எது தெரியாது, அவள் அவனை ‘நீங்க’ என்கிறாளா ‘நீ’ என்கிறாளா, வாக்கியங்கள் நீளமாக ஓடுகின்றனவா வெட்டி வெட்டி வருகின்றனவா. இவை தலைக்குள் திரும்ப ஏற, எழுதியதைப் படித்துத்தான் ஆக வேண்டும். பத்து நாள் இடைவெளிக்குப் பிறகு அதற்கே அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். கையில் இருப்பது 40 நிமிடம் என்றால் புதிதாக எழுத மிஞ்சுவது பத்து நிமிடம்கூட இல்லை. ஒன்றும் நடக்காத எரிச்சலில் எழுந்து போவீர்கள், அடுத்த அமர்வு இன்னும் தள்ளிப்போகும்.

எல்லா எழுத்துக்கும் இது ஒரே அளவில் பொருந்தாது. நாவலுக்கு மூன்று நாள் காலி இடைவெளியே கொஞ்சம் அதிகம். சிறுகதையின் முதல் வரைவை அடுத்தடுத்த இரண்டு மூன்று நாள்களில் முடித்துவிடுவது நல்லது. முடித்த பிறகு அதைப் பத்து நாள் வேண்டுமென்றே தொடாமல் வைக்க வேண்டும், ஏனென்றால் திருத்துகிற கண்ணுக்கு மறதி உதவி. மொழிபெயர்ப்பு நீண்ட இடைவெளியைத் தாங்கும், மூலம் கையிலேயே இருக்கிறதே. கட்டுரைக்குத் தகவல் சேர்க்கும் நாள்கள் வேறு, எழுதும் நாள்கள் வேறு. எழுதும் நாள்கள் மட்டும் ஒட்டி வந்தால் போதும். கவிதைக்குத் தினசரிக் கணக்கு வைப்பது வீண் வேலை. சட்டைப்பையில் தினமும் ஒரு சின்னக் குறிப்பேடு இருப்பதுதான் அதற்குத் தேவையான பழக்கம்.

முதல் வேலை: நாள்களைப் பிடிப்பது

ஒரு வாரம் எதுவும் எழுதாமல், நேரத்தை மட்டும் குறித்து வையுங்கள். தூக்கம் வராத, யாரும் கூப்பிடாத, குறைந்தது 25 நிமிடம் தொடர்ந்து கிடைக்கும் துண்டுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பாருங்கள். இரவு 11 மணிக்குக் கிடைக்கும் ஒரு மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்கத் தோன்றும். அந்த நேரத்தில் இதுவரை வேறு எந்த மூளை வேலையையாவது செய்து முடித்திருக்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டு பிறகு சேருங்கள்.

கிடைத்த துண்டுகளில் நான்கை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் எடுக்க வேண்டாம், மாற்றுக்கு ஒன்றிரண்டு மிச்சம் இருக்கட்டும். தேர்வுக்கு ஒரே விதி: எந்த இரண்டு அமர்வுக்கும் நடுவே இரண்டு நாளுக்கு மேல் காலி இருக்கக் கூடாது. திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு என்பது சரியான பங்கீடு. அதில் புதன் தவறினாலும் நடுவே விழுவது மூன்று நாள்தான்.

‘வார நாளில் முடியாது, சனி ஞாயிறு இரண்டு நாளும் நான்கு நான்கு மணி நேரம் உட்கார்ந்துவிடுகிறேன்’ என்பது புதியவர்கள் அதிகம் போடும் திட்டம், அதிகம் தோற்கும் திட்டமும் அதுவே. மணிக்கணக்கில் பார்த்தால் இதுதான் பெரியது. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் மணி நேரம் பழையதைப் படிப்பதில் போகும், நான்காவது மணி நேரத்தில் வருவது பெரும்பாலும் அடித்துவிட வேண்டிய வாக்கியங்கள். அதைவிடப் பெரிய ஆபத்து, ஒரே ஒரு வார இறுதியில் பயணமோ காய்ச்சலோ வந்துவிட்டால் நடுவே 12 நாள் காலியாகிவிடும். வார இறுதி மட்டுமே கிடைக்கும் என்றால், வாரத்தின் நடுவே ஒரு நாள் 15 நிமிடம் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தைப் படித்து நான்கு வரியாவது சேர்த்து வையுங்கள். அந்தக் கால் மணி நேரம் சனிக்கிழமையின் முதல் மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

எவ்வளவு எழுதுவது?

முதல் நான்கு வாரம் நேரத்தைக் கணக்கு வையுங்கள், சொல்லை வேண்டாம். 40 நிமிடம், டைமர் வைத்து. எழுத வந்தாலும் வராவிட்டாலும் அந்த நேரம் முழுக்க இருக்கையில் இருக்க வேண்டும், கைப்பேசி வேறு அறையில் இருக்க வேண்டும். ஐந்தாவது வாரத்திலிருந்து சொல் கணக்குக்கு மாறலாம்.

மாறும்போது ஆங்கில எழுத்தாளர்கள் சொல்லும் ஆயிரம், இரண்டாயிரம் என்ற எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘போய்க்கொண்டிருந்தபோது’ தமிழில் ஒரு சொல். அதையே ஆங்கிலத்தில் சொல்ல மூன்று நான்கு சொல் ஆகும். வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் மொழியில் அதே அளவு விஷயம் குறைந்த சொல் எண்ணிக்கையில் முடிந்துவிடும். ஆயிரத்தைத் துரத்தினால் வாக்கியம் ஊதிப்போகும். 40 நிமிட அமர்வுக்கு 200 முதல் 300 சொல் என்பது புதியவருக்கு நல்ல வேகம். வாரம் நான்கு அமர்வு, அமர்வுக்கு 250 சொல், வருடத்துக்கு 50 வாரம் என்றால் 50,000 சொல். நடுத்தர நாவல் ஒன்றின் முதல் வரைவு அது.

இதற்குக் கீழ்வரம்பும் மேல்வரம்பும் வையுங்கள். கீழ்வரம்பு 50 சொல், அல்லது பத்து நிமிடம். தலைவலி நாளிலும் முடிகிற அளவாக இருப்பதுதான் அதன் பயன். மேல்வரம்பு, வழக்கமான அளவில் இரண்டு மடங்கு. இதைப் பலர் நம்புவதில்லை. உற்சாகத்தில் ஒரே நாளில் 1,500 சொல் எழுதித் தள்ளியவர், மனதில் சேர்த்து வைத்திருந்த மூன்று காட்சிகளையும் ஒரே மூச்சில் செலவழித்துவிட்டு அடுத்த அமர்வில் வெறும் கையோடு உட்காருவார். ‘வற்றிப்போச்சு’ என்ற புலம்பல் அந்த வாரத்தில்தான் கேட்கும்.

உட்கார்ந்ததும்

முதல் அத்தியாயத்திலிருந்து படிக்காதீர்கள். கடைசி ஒரு பக்கம் போதும். படிக்கும்போது எழுத்துப்பிழையைத் திருத்தலாம், சொல்லை மாற்றலாம். பத்தியை இடம் மாற்றுவது, காட்சியைக் கலைப்பது போன்ற வேலைகளை ஓரத்தில் குறித்துவிட்டு நகருங்கள். 19-ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிரோலப், தபால் துறை வேலைக்குப் போவதற்கு முன்பாகத் தினமும் காலையில் மூன்று மணி நேரம் எழுதினார். அதில் முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பதற்கு. மூன்று மணி நேரத்தில் ஆறில் ஒரு பங்கு. 40 நிமிட அமர்வுக்கு இதே விகிதம் ஏழு நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவு. ஏழாவது நிமிடம் தாண்டியும் படித்துக்கொண்டே இருந்தால் எழுதுவதைத் தள்ளிப்போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படியும் கை நகரவில்லையென்றால், கடைசிப் பத்தியை அழிக்காமல், அதற்குக் கீழே பார்த்துப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்யுங்கள். மூன்றாவது வரியில் ஏதாவது ஒரு சொல் மாறும், அங்கிருந்து புதியது தொடங்கிவிடும். பழைய பத்தியைப் பிறகு நீக்கிக்கொள்ளலாம்.

நிறுத்தும் இடம்

அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்த வேண்டும். இது பழைய அறிவுரை, சரியான அறிவுரையும்கூட. இதை இன்னும் இழுத்து ‘பாதி வாக்கியத்தில் நிறுத்து’ என்று சொல்வார்கள். தமிழில் அது அவ்வளவாக உதவாது. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. ‘அவன் கையிலிருந்த கடிதத்தை அவள் கண்ணெதிரே’ என்று விட்டுப் போனால், கிழித்தானா, கொடுத்தானா, மடித்து உள்ளே வைத்தானா என்பது இரண்டு நாள் கழித்து உங்களுக்கே புதிர். வாக்கியத்தை முடியுங்கள், காட்சியை முடிக்காதீர்கள்.

நிறுத்தியதும் எழுந்துவிடக் கூடாது. கடைசி மூன்று நிமிடம் ‘விட்ட இடக் குறிப்பு’ எழுத. இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பயனில்லாத குறிப்பு இப்படி இருக்கும்:

‘அடுத்து செல்வி வரும் காட்சி. உணர்ச்சி கூட்டணும்.’

பயன்படும் குறிப்பு இப்படி:

‘செல்வி கதவைத் தட்டாமலே திரும்பிவிடுகிறாள். அவன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டான், கூப்பிடவில்லை. குடையை வாசலிலேயே விட்டுப்போகிறாள், இது 7-ஆம் அத்தியாயத்துக்கு வேண்டும். இதுவரை ‘நீங்க’ என்றுதான் பேசுகிறாள். முதல் வரி: மழை விட்டிருந்தது.’

யார் என்ன செய்கிறார், பொருள் எது எங்கே இருக்கிறது, யார் யாரை எப்படி அழைக்கிறார், முதல் வரி என்ன என்று நான்கும் இருக்க வேண்டும். அந்த முதல் வரி மட்டமாக இருந்தால் பரவாயில்லை, பிறகு அடிக்கப்போவதுதான். இந்தக் குறிப்பு கையில் இருந்தால் மூன்று நாள் இடைவெளி ஒரு நாள் இடைவெளி போல நடந்துகொள்ளும்.

கணக்கு நோட்டு

ஒரு வரிக்கு ஓர் அமர்வு: தேதி, தொடங்கிய நேரம், எத்தனை நிமிடம், எத்தனை சொல். எழுதாத நாளுக்கும் தேதி போட்டுக் காலியாக விடுங்கள். காலி வரிகள் கண்ணில் படுவதற்காகத்தான் இந்த நோட்டே.

தினமும் எழுதுவதற்கு உதாரணமாகக் காட்டப்படும் டிரோலப்பே வாரக் கணக்கு வைத்தவர். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொல் எழுதியது அவரைப் பற்றி எல்லோரும் சொல்வது. வாரத்துக்கு இத்தனை பக்கம் என்றுதான் இலக்கு வைத்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. சராசரி 40 பக்கம், சூழ்நிலையைப் பார்த்து 20 வரை இறக்கியிருக்கிறார், 112 வரை ஏற்றியிருக்கிறார். சோம்பலில் ஒன்றிரண்டு நாள் போனால் அது நோட்டில் பதிவாகித் தன்னை முறைத்துப் பார்க்கும் என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயும் அன்றன்றைக்கு எத்தனை சொல் எழுதினார் என்று குறிக்கச் சுவரில் ஓர் அட்டவணை வைத்திருந்தார். 1958-இல் வெளியான நேர்காணலில் பதிவான அந்த எண்கள் 450, 575, 462, 1250, 512. நடுவில் இருக்கும் 1250, மறுநாள் குற்ற உணர்வில்லாமல் மீன் பிடிக்கப் போவதற்காக முன்கூட்டியே செய்த வேலை. விடுமுறையை முன்னதாகச் சம்பாதித்துக்கொள்வது நல்ல பழக்கம். பின்னால் ஈடுகட்டுவதாக வாக்குக் கொடுப்பது கெட்ட பழக்கம்.

‘தொடர்ச்சியாக இத்தனை நாள்’ என்று எண்ணிக் காட்டும் செயலிகளை முதல் வருடம் தவிர்ப்பது நல்லது. 42 நாள் எழுதியவர் 43-ஆவது நாள் தவறினால் திரையில் பூஜ்யம் வந்து நிற்கும். எழுதிய 42 நாள் எங்கும் போகவில்லை என்றாலும் பலர் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துத்தான் விட்டுவிடுகிறார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது (12 வாரத்தைத் தாண்டிய எண்கள் அவர்கள் கணக்கிட்டு மதிப்பிட்டவை). நடுவே ஒருமுறை தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படியாகப் பாதிக்கவில்லை. அவர்கள் பழக்கியது சாப்பாடு, தண்ணீர், உடற்பயிற்சி போன்ற சின்னச் செயல்கள். எழுதுவது அதைவிடச் சிக்கலானது, ஆகவே 21 நாளில் பழகிவிடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

தவறிய பிறகு

ஓர் அமர்வு தவறினால் அது போனதுதான். அதன் சொற்களை அடுத்த நாளில் ஏற்றாதீர்கள். கடன் சேரும் வேகத்தைப் பாருங்கள்: 1999-இல் தொடங்கிய ‘நவம்பரில் ஒரு நாவல்’ சவாலில் இலக்கு 30 நாளில் 50,000 சொல்லாக இருந்தது, அதாவது நாளுக்கு 1,667. முதல் ஐந்து நாள் தவறினால் மீதி நாள்களுக்கு 2,000 ஆகிறது. முதல் பத்து நாள் தவறினால் 2,500. 1,667 முடியாமல்தான் தவறவிட்டார் என்பதை இந்தக் கணக்கு மறந்துவிடுகிறது.

இடைவெளி ஒரு வாரத்தைத் தாண்டிவிட்டால் நேராக எழுத உட்காராதீர்கள். முதல் அமர்வில் கடைசி மூன்று அத்தியாயங்களைப் பேனா இல்லாமல் படித்து, முடிவில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இப்போது என்ன தெரியும் என்று ஒரு வரி எழுதுங்கள். இரண்டாவது அமர்வில் நூறு சொல், அதற்கு மேல் வேண்டாம். மூன்றாவதில் வழக்கமான அளவுக்கு வந்துவிடலாம். ஒரு மாதத்துக்கு மேல் போயிருந்தால் முழுவதையும் அச்செடுத்து ஒருமுறை படித்தாக வேண்டும், குறுக்குவழி கிடையாது.

தினமும் எழுதுவது எப்போது சரி, எப்போது கெடுதல்?

மூன்று கட்டங்களில் தினமும் எழுதுவதே எளிது. உட்காருவதே பழக்கமில்லாத முதல் ஆறு எட்டு வாரம், அப்போது 15 நிமிடம் போதும். நாவலின் கடைசி மூன்றில் ஒரு பங்கு, இழைகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலைக்குள் இருந்தாக வேண்டிய கட்டம். வேலை நேரம் வாராவாரம் மாறுகிறவர்களுக்கும் இதுவே நல்லது. ‘எந்தக் கிழமை’ என்று ஒவ்வொரு வாரமும் முடிவெடுப்பதைவிட, எழுந்ததும் 15 நிமிடம் என்பது தொல்லையில்லாதது.

வரைவை முடித்த கையோடு அதையே தினமும் திருத்துவது கெடுதல். மணிக்கட்டோ தோளோ வலிக்கும்போது எண்ணிக்கைக்காகத் தொடர்வதும் அப்படியே. அடிக்கடி நடப்பதும் அதிகம் கவனிக்கப்படாததும் வேறொன்று: சொல் எண்ணிக்கையை நிரப்ப வாக்கியத்தை ஊதுவது. ‘அவன் மெதுவாக எழுந்து, மெல்ல நடந்து, கதவருகே சென்று, சற்று நின்று, பிறகு மெதுவாகக் கதவைத் திறந்தான்.’ 13 சொல். ‘அவன் கதவைத் திறந்தான்.’ மூன்று சொல். உரையாடலில் ‘சரி’, ‘ம்ம்’, ‘அப்படியா’ பெருகுவதும், ஒவ்வொரு காட்சியும் வானிலையில் தொடங்குவதும் இதே நோயின் அறிகுறிகள். இவை தென்பட்டால் இரண்டு வாரம் சொல் எண்ணுவதை நிறுத்திவிட்டு நேரக் கணக்குக்குத் திரும்புங்கள்.

இன்னொரு பொறி உண்டு. முதல் அத்தியாயத்தையே பதினோராவது முறை மெருகேற்றிக்கொண்டிருப்பவரும் தினமும் எழுதுகிறவர்தான், நோட்டில் ஒரு வரிகூடக் காலியிருக்காது. வரைவு முடியும் வரை திருத்தத்தை அமர்வாகக் கணக்கிடாதீர்கள். தகவல் தேடுவது, பாத்திரங்களுக்குப் பெயர் யோசிப்பது, எழுத்தைப் பற்றிப் படிப்பது (இதையும் சேர்த்துத்தான்) எல்லாம் நோட்டின் பின்பக்கத்துக்கு.

நான்கு வாரம் கழித்து

திட்டமிட்டவை 16 அமர்வுகள். நோட்டை எடுத்து எண்ணுங்கள். 12 அல்லது அதற்கு மேல் நடந்திருந்தால் எதையும் மாற்ற வேண்டாம், இன்னும் நான்கு வாரம் அப்படியே ஓட்டுங்கள். 8 முதல் 11 வரை என்றால் தவறியவை எந்தக் கிழமையில் என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரே கிழமை திரும்பத் திரும்பத் தவறியிருக்கும். அதை மட்டும் மாற்றுத் துண்டுக்கு நகர்த்துங்கள். எட்டுக்கும் குறைவென்றால் நாள்களைக் குறைக்கத் தோன்றும். நாள்களைத் தொடாதீர்கள், நீளத்தைக் குறையுங்கள்: 40 நிமிடத்தை 15 ஆக்கி, நான்கு கிழமையையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அந்த 15-இல் மூன்று நிமிடம் விட்ட இடக் குறிப்புக்குப் போய்விடும், அதில் மட்டும் கை வைக்க வேண்டாம்.